நேராய் நட என்றால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

இம்முறை திருகோணமலை மாவட்ட வாசகர்களின் கடிதங்கள். எல்லாமே நடையையும் நிமிர்வையும் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, பெயர்களை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: கந்தோரில் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் வேலை. வயது 34. தலையை முன்னே நீட்டி, தோள் வளைந்து நடக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்தி நடந்து பார்த்தால் பத்து நிமிடத்தில் நாரி பிடித்துக்கொள்கிறது. விட்டால் பழையபடி கூன். என்ன செய்யலாம்?
– வாசகி, உவர்மலை

பதில்: நாரி பிடிப்பதில் வியப்பில்லை. நெஞ்சை முன்னே தள்ளும்போது வளைந்த மேல்முதுகு நிமிர்வதில்லை. கீழ் விலா எலும்புகள் பிதுங்கி, நாரிதான் உள்ளே வளைகிறது. கூன் இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குக் கீழே இன்னொரு வளைவைப் போட்டு உயரத்தைச் சரிக்கட்டுகிறீர்கள். அந்த வளைவைத் தசைகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் பிடித்ததே பெரிது.

முதலில் வளைவு எங்கே என்று பாருங்கள். குதிக்கால்கள் சுவரிலிருந்து நாலு விரல் அகலம் தள்ளி இருக்க, பிட்டத்தையும் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் சுவரில் சாயுங்கள். நாடியைத் தூக்காமல் தலையின் பின்புறம் சுவரைத் தொடுகிறதா? தொடாவிட்டால் எத்தனை விரல் இடைவெளி என்று கொப்பியில் குறித்து வையுங்கள். நாரிக்கும் சுவருக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் சரி. பொத்திய கையே நுழைந்தால் நாரி வளைவு கூடிப்போயிருக்கிறது.

கதிரையில் இருப்பவர்களுக்கு இரண்டு இடங்கள் இறுகும். ஒன்று தோள்பட்டைகளுக்கு இடைப்பட்ட மேல்முதுகு. மற்றது பலரும் நினைக்காத இடம், தொடை இடுக்கின் முன்பக்கத் தசை. மணிக்கணக்கில் மடிந்தே இருந்த அந்தத் தசை, எழுந்து நிற்கும்போது முழுதாக நீளுவதில்லை. நடக்கையில் ஒவ்வொரு அடியின் முடிவிலும் பின்னங்கால் உடம்புக்குப் பின்னால் போக வேண்டும். தசை விட்டுக்கொடுக்காவிட்டால் நாரி வளையும், அல்லது உடம்பு முன்னே சரியும். பின்னாலிருந்து உந்த முடியாதவர் தலையை முன்னே நீட்டி வேகம் தேடுகிறார். உங்கள் தலை நீளுவதற்குத் தொடை இடுக்கும் காரணமாக இருக்கலாம்.

அதனால் பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள். மடித்த போர்வையில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றக் காலை முன்னே மடித்து வைத்து நில்லுங்கள். ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே மடக்குங்கள். தொடையின் முன்பக்கம் இழுபட வேண்டும். 30 விநாடி, ஒரு பக்கத்துக்கு மூன்று தடவை. பலர் பிழைவிடுவது இங்கேதான்: உடம்பை முன்னே தள்ளி, நாரியை வளைத்து, நன்றாக நீட்டிவிட்டோம் என்று நினைப்பார்கள். தசை நீளாது, நாரிதான் நோகும். வால் எலும்பு மடங்கியிருந்தால் உடம்பு இரண்டு அங்குலம் முன்னே போனாலே போதும்.

மேல்முதுகுக்கு ஒரு குளிக்கும் துவாய். 8 சென்ரிமீற்றர் தடிப்பாகச் சுருட்டி, பாயில் குறுக்கே போட்டு, தோள்பட்டை எலும்பின் கீழ்முனைக்கு நேராக அதன்மேல் மல்லாந்து படுங்கள். முழங்கால் மடித்து, கைகளால் தலையைத் தாங்கிக்கொண்டு, ஆறு தடவை மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். பிறகு துவாயை இரண்டு விரல் அகலம் மேலே நகர்த்தி, அதையே மறுபடி செய்யுங்கள். மூன்று இடங்கள் போதும். நாரிக்குக் கீழே வைக்க வேண்டாம். எலும்பு மெலிவு உள்ள வயதானவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, மல்லாந்து படுத்து, முழங்கால் மடித்து, பிட்டத்தை மேலே தூக்கி மூன்று விநாடி நிறுத்தி இறக்குவது. பத்துப் பத்தாக இரண்டு முறை. பின்தொடை பிடித்தால் பாதங்களைப் பிட்டத்துக்குக் கிட்ட இழுத்து வையுங்கள்.

இனி நடை. இதில் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: பார்வையை மாற்றுங்கள், நெஞ்சை மறந்துவிடுங்கள். காலடியில் இரண்டு மீற்றர் தூரத்தைப் பார்த்து நடப்பவருக்குத் தலை குனிந்துதான் இருக்கும். தலையின் நிறை நாலரை முதல் ஐந்து கிலோ. அது முன்னே போனால் கழுத்தும் மேல்முதுகும் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். பார்வை 10, 15 மீற்றர் தள்ளி விழட்டும். குழி, கல் எல்லாம் அந்தத் தூரத்திலேயே தெரிந்துவிடும். கைவீச்சில் முழங்கையைப் பின்னே தள்ளுவதை மட்டும் கவனியுங்கள், முன்வீச்சு தானாக வரும்.

இதையும் நாள் முழுக்கச் செய்யப் பார்க்காதீர்கள். இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே கவனத்தோடு நடந்து, அடுத்த இரண்டு கம்பங்களுக்கு மறந்துவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சுவரில் மறுபடி நின்று கொப்பியைப் பாருங்கள். கைப்பையை ஒரே தோளில் மாட்டுபவர்கள் அது வழுக்காதிருக்க அந்தத் தோளைத் தூக்கியே வைத்திருப்பார்கள். நீளவாரைக் குறுக்கே போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: நான் நடந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று உம்மா சொல்கிறா. வேகமாக நடக்க வேண்டும் என்று எட்டி எட்டித்தான் வைக்கிறேன். கீழ்க்காலின் முன் எலும்போரம் நோகிறது. எந்த வேகம் சரி?
– வாசகர், வயது 22, கிண்ணியா

பதில்: உம்மாவின் காதை நம்புங்கள், சத்தம் நல்ல அளவுகோல். எட்டி வைக்கும்போது முழங்கால் விறைத்து, குதிக்கால் உடம்புக்கு வெகு முன்னே போய் இடிக்கிறது. அப்படி விழும் ஒவ்வொரு அடியும் வாகனத்துக்குப் பிரேக் போடுவதைப் போல உங்களைத் தடுக்கிறது. பிறகு அந்த இழப்பை ஈடுசெய்ய இன்னும் எட்டி வைக்கிறீர்கள். முன்னே விழும் அடியால் வேகம் வராது. அது பின்னங்காலின் பெருவிரல் தரையைத் தள்ளுவதில்தான் இருக்கிறது.

அடியை ஒரு பாதத்தின் பாதியளவு குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 15 விநாடியில் எத்தனை அடி என்று எண்ணுங்கள். 25 வந்தால் நிமிடத்துக்கு 100, மூச்சுச் சற்றே வாங்கும் நல்ல நடை. 30 வந்தால் நிமிடத்துக்கு 120, அது விறுவிறுப்பு. உங்கள் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது: கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஐந்து நிமிடத்தில் போனால் மணிக்கு ஏறக்குறைய 4.75 கிலோமீற்றர் வேகம். வாகனம் குறைந்த விடிகாலையில் ஓரமாக நடந்து, பழைய எட்டு நடையில் ஒரு தடவை, குறுக்கிய அடியில் ஒரு தடவை என்று நேரம் பாருங்கள். இரண்டாவதில் வேகம் குறையாது, சத்தம் மட்டும் குறையும்.

காலில் என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. இறப்பர் செருப்பாக இருந்தால் வலியில் அதற்கும் பங்குண்டு. பின்வார் இல்லாத செருப்பு கழன்று போகாதிருக்க விரல்கள் ஒவ்வோர் அடியிலும் இறுக்கிப் பிடிக்கின்றன, முன்காலின் தசை ஓய்வில்லாமல் வேலை செய்கிறது. குளியலறைக்கும் முற்றத்துக்கும் அது போதும். நடைக்குப் பின்வார் வைத்த செருப்போ சப்பாத்தோ போடுங்கள். சப்பாத்து வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். கையால் வளைத்துப் பார்த்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம்.

எலும்பில் ஒரே ஒரு புள்ளியை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி நோகிறது என்றால் அது தசை வலியாக இல்லாமல், எலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம். நடையை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தலையில் புத்தகம் வைத்து நடந்தால் நடை அழகாகுமா?
– வாசகி, பாலையூற்று

பதில்: புத்தகம் விழாமல் நடக்கப் பழகுவீர்கள். கழுத்து நிமிரும், ஆனால் கைவீச்சும் இடுப்பின் திருப்பமும் செத்துவிடும். இரண்டு நிமிடம் விளையாட்டாகச் செய்யலாம். அதற்கு மேல் செய்தால் ரோபோ நடைதான்.

கேள்வி: ஒன்பது வருடமாகப் பரதம் பயில்கிறேன். தெருவில் நடக்கும்போதும் பாதங்கள் வெளியே திரும்பியே இருக்கின்றன. வாத்து நடை என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். நடனத்தைப் பாதிக்காமல் மாற்ற முடியுமா?
– வாசகி, வயது 17, திருகோணமலை நகர்

பதில்: முடியும் தங்கச்சி, ஆனால் முதலில் உங்கள் இடுப்பு மூட்டின் அமைப்பைப் பாருங்கள். குப்புறப் படுத்து, முழங்கால்களைச் சேர்த்து, கீழ்க்கால்களைச் செங்குத்தாக மடியுங்கள். இப்போது பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கமாக விலகி விழட்டும். தாராளமாக விழுந்தால் மூட்டு உள்ளே திரும்பத் தடையில்லை, உங்களுடையது பழக்கம்தான். விழவே மறுத்தால் எலும்பின் பிறவி அமைப்பே அப்படி, அதைக் கட்டாயப்படுத்தி நேராக்கினால் முழங்கால்தான் முறுகும். பாதம் 5 முதல் 10 பாகை வெளியே திரும்பியிருப்பது எல்லோருக்கும் இயல்பு. தண்டவாளம் போல் இரண்டு பாதமும் சமாந்தரமாக இருக்க வேண்டியதில்லை.

பழக்கம் என்றால் பாதத்தை விட்டுவிட்டு முழங்கால்சில்லைக் கவனியுங்கள். ரைல்ஸ் தரையின் கோட்டுக்கு இரு பக்கமும் கால் வைத்து, இரண்டு சில்லுகளும் நேரே முன்னே பார்க்க இருபது அடி நடவுங்கள். வகுப்பு முடிந்து வாசலைத் தாண்டும் முதல் இருபது அடிகளும் இப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்களை வெளியே திருப்பி மடித்து நிற்கும் அரைமண்டி வகுப்போடு நின்றுவிட வேண்டும் என்பதை உடம்பு அந்த இடத்தில் பழகும்.

அரைமண்டியையும் ஒரு தடவை கண்ணாடியில் பாருங்கள். முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே இருந்தால் திருப்பம் இடுப்பிலிருந்து வருகிறது. முழங்கால் முன்னே நிற்க, பாதம் மட்டும் பக்கவாட்டில் போயிருந்தால், பாதத்தின் உள்வளைவு சரிந்து திருப்பத்தைக் களவாகக் கொடுக்கிறது. வாத்து நடைக்கு அதுவும் வித்து. அப்படியானால் திருப்பத்தைக் கொஞ்சம் குறைத்து ஆடுவது பற்றி ஆசிரியையிடம் கேளுங்கள்.

கேள்வி: கலியாண வீட்டில் சேலையோடு குதி உயர்ந்த செருப்பும் போட்டால் தடுக்கித் தடுக்கி நடக்கிறேன்.
– வாசகி, நிலாவெளி

பதில்: சேலை உடுக்குமுன் அன்றைக்குப் போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், கரை தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்கட்டும். உட்பாவாடையின் நாடாவைக் கால்களை ஒரு சாண் அகட்டி நின்று கட்டிப் பாருங்கள். மீன்வால் போலத் தைத்த ஒடுக்கமான உட்பாவாடை படத்துக்கு அழகு, ஆனால் அடி எடுக்க விடாது. படி ஏறும்போது கொய்யகத்தை ஒரு கையால் இரண்டு அங்குலம் தூக்கினால் போதும். குதி 3 முதல் 5 சென்ரிமீற்றர், ஊசிமுனை வேண்டாம், அகலமான கட்டைக் குதி. புதுச் செருப்பின் அடியை முற்றத்துச் சீமெந்தில் நன்றாகத் தேய்த்துவிட்டு, வீட்டில் கால் மணிநேரம் போட்டு நடந்து பழகுங்கள். மண்டபத்து வழவழத்த தரையில் முதல்முறை போடுவதுதான் ஆபத்து.

கேள்வி: மகளுக்கு வயது 12. கிடுகிடுவென வளர்ந்துவிட்டாள். கூனி நடக்கிறாள், ஒரு தோள் உயர்ந்தும் தெரிகிறது. புத்தகப்பையின் பாரம்தான் காரணமா?
– ஒரு தாய், மூதூர்

பதில்: கூனையும் தோளையும் வேறுவேறாகப் பாருங்கள் அம்மா. தோள் முதலில்.

மகளின் முதுகு தெரியும்படி சட்டையைத் தூக்கி, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடிக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு முதுகு தரைக்குச் சமமாக வரும்வரை குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் இருந்து கண்மட்டத்தில் பாருங்கள். இரண்டு பக்க விலாவும் ஒரே மட்டமென்றால் தோள் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் பழக்கம். ஒரு பக்கம் திமில் போல் உயர்ந்திருந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திரும்பியிருக்கக் கூடும், உடனே வைத்தியரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பை அதற்குக் காரணமல்ல. தாமதிக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம், அந்த வளைவு கூடுவது பிள்ளை வேகமாக வளரும் காலத்தில், அதைத் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் பட்டை உதவுவதும் அதே காலத்தில்தான். வளர்ச்சி நின்றபின் பட்டையால் பயனில்லை. இப்போது மட்டமாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

பை தோள்வலியையும் முன்சாய்வையும் தரும். பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்கு நல்லது, கூடினால் 15 வீதம். 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ, மிஞ்சினால் 6. கடையில் தராசில் ஒருநாள் நிறுத்துப் பாருங்கள், திகைப்பீர்கள். ரியூசன் கொப்பிகளைப் பாடசாலைப் பையில் சுமப்பதால்தான் பாதிப் பாரம். இரண்டு வாரும் தோளில் இருக்க வேண்டும், பாரமான புத்தகங்கள் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது.

கூன் இந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கூச்சத்தால் வருவது. வகுப்பில் எல்லோரையும்விட உயரம், மார்பு வளர்வதை மறைக்கும் எண்ணம். அளவு பொருந்திய உள்ளாடையை வாங்கிக் கொடுப்பது நூறு தடவை ‘நிமிர்ந்து நட’ என்பதைவிட வேலை செய்யும். சொந்தக்காரர் முன்னால் ‘கூனி’ என்று சொல்பவர்களை முதலில் நிறுத்துங்கள்.

கேள்வி: வயது 71. வலது முழங்கால் தேய்வு. தடியை நோகும் பக்கம்தானே பிடிக்க வேண்டும்? மகன் மறுபக்கம் என்கிறார். கோணேசர் கோயில் ஏற்றம் ஏற ஆசை.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: மகன் சொல்வதுதான் சரி ஐயா. வலது கால் நோகிறது என்றால் தடி இடது கையில். நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னே போவது இயற்கை. தடியும் அந்தக் காலும் ஒன்றாகத் தரையைத் தொட்டால் பாரம் இரண்டுக்கும் பங்காகும். நோகும் பக்கமே பிடித்தால் உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்து, விலக்க வேண்டிய பாரத்தை அதன் தலையிலேயே இறக்கும்.

உயரம் முக்கியம். வழக்கமான செருப்போடு கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள், மணிக்கட்டு மடிப்பின் மட்டத்தில் பிடி இருக்கட்டும். பிடித்து நிற்கையில் முழங்கை சற்று மடிந்திருக்கும். நம் ஊரில் பலர் நீளக் குடையைத் தடியாக ஊன்றுகிறார்கள். அதன் நுனி வழுக்கும், உயரமும் யாருக்கோ செய்தது. தடியின் அடி இறப்பரில் வரிகள் தேய்ந்து மழுங்கினால் மாற்றிவிடுங்கள், மாரியில் ஈரச் சீமெந்தில் அதுதான் உங்கள் பிடி.

கோணேசர் மலைக்குக் கோட்டை வாசலிலிருந்து ஏறும் பாதையில் அடியைக் குறுக்குங்கள். உடம்பைக் கணுக்காலிலிருந்து சற்று முன்னே சாய்க்கலாம், இடுப்பில் மடிய வேண்டாம். படிகளில், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோகும் காலும் முதலில். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைச் சோதிக்கும். முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்தபடியே உடம்பை இறக்க வேண்டியிருப்பதால் அப்படி. இறங்கும்போது முழங்காலை விறைக்காமல் சிற்றடி வையுங்கள், கூட்டத்தோடு ஓட வேண்டாம்.

போகுமுன் ஒரு மாதம் தொடையைப் பலப்படுத்துங்கள். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து, மெதுவாக நாலு எண்ணி இருங்கள். எட்டுத் தடவை, காலையும் மாலையும். நோவெடுத்தால் கதிரையில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்துங்கள்.

கேள்வி: அப்பாவின் நடை ஆறு மாதத்தில் மாறிவிட்டது. அடி குறுகிவிட்டது, இடது கை வீசுவதில்லை, திரும்பும்போது தடுமாறுகிறார். என்ன பயிற்சி கொடுக்கலாம்?
– வாசகர், சீனக்குடா

பதில்: பயிற்சி பிறகு. ஒரு கை வீச்சு நின்று, அடி இழுபட்டு, திரும்பப் பல அடி வேண்டியிருந்தால் மூளை நரம்பு சார்ந்த நோய் இருக்கலாம், பார்க்கின்சன் அவற்றில் ஒன்று. வைத்தியசாலையில் நரம்பியல் வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது அவர் நடப்பதைப் பக்கவாட்டிலும் பின்னாலுமாகப் போனில் எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் முன்னால் பலர் ஐந்து நிமிடம் நன்றாகவே நடந்துவிடுவார்கள். முன்பாதம் திடீரென்று தொங்கி இழுபட்டால், அல்லது ஒரு பக்கக் கைகால் சோர்ந்தால், நாள் பார்க்க வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு.

கேள்வி: உப்புவெளிக் கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தால் நடை திருந்தும் என்கிறார்களே? எனக்கு நீரிழிவு உண்டு.
– வாசகி, வயது 58, அலஸ்தோட்டம்

பதில்: நீரிழிவு இல்லாதவர்களுக்கு மணல் நல்ல பயிற்சிதான், அளவோடு. புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையில் செலவாகும் சக்தியின் இருமடங்குக்கும் மேல் வேண்டும். குதிக்கால் அமிழ்வதால் கெண்டைக்கால் இழுபடும். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அலை நனைத்த கெட்டி மணல் சுலபம், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். கடல்பக்கக் கால் தாழ்ந்து, கரைப்பக்கக் கால் மடிந்து நடப்பீர்கள். போன தூரம் அத்தனையும் அதே வரியில் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகும். போகும்போது மணலில், வரும்போது ஓட்டோவில் என்றால் ஒரு பக்க இடுப்பு நோகும்.

உங்களுக்கு வெறுங்கால் வேண்டாம் அம்மா. நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும், அது குறைந்தது தெரியாமலே குறையும். கிளிஞ்சல் கீறினாலும், தூண்டில் முள் ஏறினாலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் சுட்டாலும் கால் சொல்லாது. கிளினிக்கில் 10 கிராம் நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், வருடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கடற்கரைக்கு விரல் மூடிய, பின்வார் உள்ள செருப்பு. போடுமுன் கவிழ்த்துத் தட்டி மணலை உதறுங்கள். கோயில் வெளிவீதியில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால், வெயில் ஏறிக் கல் சுடுமுன், காலை எட்டு மணிக்குள் போய் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள்.